ஷவரில் தண்ணீர் மெலிந்துவிட்டதா? பிரஷர் பம்பு வைத்த வீடுகளுக்கான கேள்வி பதில்

மொட்டை மாடியில் தொட்டி, தொட்டியின் காலடியில் ஒரு பிரஷர் பம்பு, அங்கிருந்து குளியலறைகளுக்கு இறங்கும் குழாய். தமிழ்நாட்டின் தனி வீடுகளில் ஷவருக்குப் பம்பு வைத்தால் பெரும்பாலும் இந்த அமைப்புதான். கீழே உள்ள பதில்கள் இதை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஷவர் மெலிந்தால் பழி முதலில் பம்பின் மேல்தான் விழுகிறது. புதுப் பம்பு வாங்கி மாட்டிய பிறகும் ஷவர் அப்படியே இருக்கும் வீடுகள் உண்டு. பணத்தை எடுப்பதற்கு முன் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது நல்லது. அதில் பாதி வேலைக்குப் பிளம்பர்கூடத் தேவையில்லை.

பம்பு ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் ஷவரில் தண்ணீர் குறைவாக விழுகிறது. எங்கிருந்து தொடங்குவது?

வாளியிலிருந்து. அளவு தெரிந்த 10 லிட்டர் வாளி ஒன்றை ஷவரின் கீழ் வைத்து, முழுக்கத் திறந்து, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கைபேசியில் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர். இரண்டு நிமிடம் பிடித்தால் 5 லிட்டர். சாதாரண ஷவரில் 6 முதல் 8 லிட்டர் வந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம். எட்டு அங்குல அகலமுள்ள மழை ஷவர் 10 லிட்டருக்கு மேல் கேட்கும்.

அடுத்து ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயிலிருந்து அதே வாளியை நிரப்புங்கள். பிறகு அதே குளியலறையின் வாளிக் குழாய், கடைசியாக வேறொரு குளியலறையின் குழாய். எண்களை ஒரு தாளில் எழுதிவிட்டால் குற்றவாளி ஏறக்குறைய அகப்பட்டுவிடுவான். தலையைக் கழற்றியதும் தண்ணீர் பாய்ந்தால் கோளாறு தலையில். தலை இல்லாமலும் மெலிந்தே இருந்து, வாளிக் குழாயில் நன்றாக வந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கும், தண்ணீரை வாளிக் குழாயிலிருந்து ஷவருக்குத் திருப்பும் டைவர்ட்டரில். வீடு முழுக்கக் குறைவென்றால் மாடிக்கு ஏற வேண்டியதுதான்.

இன்னொரு சோதனை: பம்பை அணைத்துவிட்டு, பைபாஸ் (பம்பைச் சுற்றிப் போகும் மாற்றுக் குழாய்) வழியாகத் தண்ணீர் வரும்போது வாளியை நிரப்புங்கள். பம்பு ஓடும்போதும் அணைந்திருக்கும்போதும் ஏறக்குறைய ஒரே நேரம் பிடிக்கிறது என்றால், பம்பு மின்சாரத்தைத்தான் தின்கிறது, வேலை செய்யவில்லை.

முன்பு நன்றாகத்தான் வந்தது. எப்போது குறைந்தது என்பதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

நிறையச் சொல்லலாம். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் உப்புப் படிவு, அல்லது ஃபில்டர் அடைப்பு. ஒரே நாளில் குறைந்தால் அதற்கு முந்தைய நாள் வீட்டில் என்ன வேலை நடந்தது என்று யோசியுங்கள். தொட்டி கழுவினார்களா? அடியில் கிடந்த சேறும் பிளாஸ்டிக் துணுக்கும் கலங்கிக் குழாய்க்குள் போயிருக்கும். அதோடு குழாய்க்குள் காற்றும் புகுந்திருக்கும். பிளம்பர் வந்து வால்வு மாற்றினாரா? டெஃப்லான் டேப்பின் துணுக்குகள் நேராக ஷவரின் வாயில் போய் உட்காரும். குடிவந்த முதல் நாளிலிருந்தே குறைவு என்றால் அது பழுதல்ல, குழாய் அமைத்த விதமே தவறு. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

ஷவர் தலையை எப்படிச் சுத்தம் செய்வது? ஆசிட் ஊற்றலாமா?

கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். அது உப்பைக் கரைக்கும் வேகத்தில் குரோமியப் பூச்சையும் பித்தளையையும் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கழற்றிய தலையை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்தும் செய்யலாம். சிலிக்கான் முனைகளைக் கட்டைவிரலால் தேய்த்தாலே உள்ளே இருக்கும் உப்பு உதிர்ந்துவிடும். உலோகத் துளைகளுக்குத் தேய்ந்த பல்துலக்கி. ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கினால் தண்ணீர் திசைக்கொன்றாகப் பீய்ச்சும்.

தலை குழாயோடு சேரும் இடத்தில் சின்ன வலை ஒன்று இருக்கும். பலர் துளைகளைத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோவார்கள், அந்த வலையைப் பார்க்கவே மாட்டார்கள். மணலும் துருவும் அங்கேதான் தங்குகின்றன. சில தலைகளில் அதே இடத்தில் தண்ணீரைச் சிக்கனப்படுத்த நிறமுள்ள ஒரு பிளாஸ்டிக் வட்டும் இருக்கும். அது அழுத்தம் நிறைய உள்ள இடங்களுக்கானது. மாடித் தொட்டித் தண்ணீருக்கு அதை எடுத்துவிட்டால் மோசமில்லை.

தலை சுத்தம். ஆனாலும் ஷவரில் குறைவு, கீழே உள்ள வாளிக் குழாயில் நன்றாக வருகிறது.

டைவர்ட்டரைப் பாருங்கள். வாளிக்குப் போகும் தண்ணீரை ஷவருக்குத் திருப்பும் அந்தப் பாகத்துக்குள், வழியைத் திறந்து மூடும் ஒரு கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் அது இறுகிப்போய் முழுக்கத் திறக்காது. ஷவரைத் திருப்பிய பிறகும் வாளிக் குழாயில் ஒழுகிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம், ரப்பர் வளையம் தேய்ந்து தண்ணீர் இரண்டாகப் பிரிகிறது. கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்ற முடியும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றில் பொருந்தாது. கழற்றுவதற்கு முன் அந்தக் குளியலறைக்கான வால்வை அடைக்க மறந்துவிடாதீர்கள்.

கை ஷவர் என்றால் இன்னும் எளிது. பளபளக்கும் அந்த வளையும் குழாய்க்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழல் இருக்கிறது. அது உள்ளே முறுக்கிக்கொண்டால் வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் மட்டும் வராது.

வீட்டில் எந்தக் குழாயிலும் வேகமில்லை. பம்பு போய்விட்டதா?

இருக்கலாம். ஆனால் பம்புக்குத் தண்ணீர் வந்து சேருகிறதா என்பதை முதலில் பாருங்கள். பம்பு தானாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. பின்னாலிருந்து வருவதைத்தான் முன்னே தள்ளுகிறது. தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள இரண்டு மூன்று அடிக் குழாயில்தான் பெரும்பாலான கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

மாடிக்குப் போனதும் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், மிதவை வால்வு சிக்கிக்கொண்டு தொட்டி கால்வாசிதான் நிறைகிறது என்பதே பல வீடுகளில் முழு விடை. அடுத்து, தொட்டியின் வெளிவாயில். சேறு அந்த மட்டத்துக்கு ஏறியிருந்தால் தொட்டியைக் கழுவாமல் வேறெதைச் செய்தும் பயனில்லை.

பிறகு கேட் வால்வு. சக்கரம் வைத்த பித்தளை வால்வு அது. இதில் ஒரு மோசம் இருக்கிறது: உள்ளே இருக்கும் தட்டு தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் விழுந்து கிடக்கும். வெளியே சக்கரம் ஒழுங்காகச் சுற்றும், முழுக்கத் திறந்ததாகவே கைக்குத் தெரியும், தண்ணீர் மட்டும் போகாது. பழைய கேட் வால்வு இருக்கும் இடத்தில் பால் வால்வு மாட்டிவிடுவதே என் பரிந்துரை. அதன் கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் அடைத்திருக்கிறது.

அடுத்தது ஸ்டிரெய்னர். பம்புக்கு முன்னால் குழாயிலிருந்து சாய்வாகக் கிளை விட்டதுபோல் ஒரு பாகம் இருக்கும். அதன் மூடியைத் திறந்தால் உள்ளே உலோக வலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டிய அதை, பம்பு மாட்டிய நாளிலிருந்து யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஸ்டிரெய்னரே இல்லாவிட்டால் அந்தக் குப்பையெல்லாம் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் போய்ச் சிக்கியிருக்கும்.

பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற சத்தம் கேட்டால், அது தண்ணீருக்குத் தவிக்கிறது என்று பொருள். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் மிகவும் இறங்கித் தண்ணீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி உடைகின்றன. இப்படியே ஓடவிட்டால் இம்பெல்லர் அரிக்கப்படும்.

இத்தனையும் சரியாக இருந்தால் பம்பைச் சந்தேகிக்கலாம். மெயினை அணைத்துவிட்டு, பம்பின் வெளிவாய் யூனியனை (கழற்றி மாட்டும் இணைப்பை) கழற்றிப் பாருங்கள். தொட்டித் தண்ணீர் பம்பின் வழியே தாராளமாக வழிந்தால் உறிஞ்சும் பக்கம் சுத்தம். மறுபடி மாட்டி ஓடவிட்டும் அழுத்தம் ஏறவில்லை என்றால் ஒன்று இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, இல்லையென்றால் அடுத்த கேள்வியில் வரும் பைபாஸ்.

பைபாஸில் என்ன கோளாறு வரும்?

கரண்ட் இல்லாத நேரத்தில் பம்பைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் தானாக இறங்குவதற்காக ஒரு மாற்றுக் குழாய் போடுவார்கள். அதில் ஒரே திசையில் மட்டும் தண்ணீரை விடும் என்.ஆர்.வி. ஒன்று இருக்க வேண்டும். பம்பு ஓடும்போது அது இறுக மூடிக்கொள்ளும்.

அதன் இருக்கையில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும், மூடாது. பம்பு முன்னே தள்ளும் தண்ணீர் பைபாஸ் வழியாகத் திரும்பிப் பம்பின் வாய்க்கே வந்து சேரும். பம்பு மும்முரமாக ஓடும், மின்சாரம் செலவாகும், தண்ணீர் மாடியிலேயே வட்டமடிக்கும், கீழே ஷவர் ஏங்கிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் பம்பை மாற்றிவிட்டு, புதுப் பம்பும் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

சோதனை எளிது. பைபாஸில் கை வால்வு இருந்தால் அதை அடைத்துவிட்டுப் பம்பை ஓடவிடுங்கள். ஷவர் உடனே பாய்ந்தால் என்.ஆர்.வி.தான் குற்றவாளி. கை வால்வே இல்லையென்றால் இன்றே ஒன்று போடச் சொல்லுங்கள். சில வீடுகளில் என்.ஆர்.வி. போடாமல் கை வால்வு மட்டும் வைத்திருப்பார்கள். மின்தடையின்போது யாரோ திறந்துவிட்டு மூட மறந்திருப்பார்கள். என்.ஆர்.வி.யின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தலைகீழாக மாட்டிய வீடுகளும் இல்லாமலில்லை.

ஷவரைத் திறந்தால் பம்பு ஓடத் தொடங்குவதில்லை. வாளிக் குழாயையும் சேர்த்துத் திறந்தால் தொடங்குகிறது. ஏன்?

உங்களுடையது ஃப்ளோ சுவிட்ச் வைத்த பம்பு. குழாயில் தண்ணீர் நகர்வதை உணர்ந்தால்தான் அது மோட்டாரை எழுப்பும். பொதுவாக நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டரளவு ஓட்டமாவது வேண்டும். பம்பு ஓடாத நிலையில் இந்த முதல் ஓட்டத்தைத் தர வேண்டியது தொட்டியின் உயரம்தான்.

கணக்குப் பாருங்கள். தண்ணீர் மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடிக் குளியலறையில் ஷவர் தலை ஏழடி உயரத்தில், கூரை பத்தடியில், தொட்டி மொட்டை மாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்றால், ஷவருக்கும் தொட்டியின் அடிக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் இருக்கும். அதாவது பத்தில் ஒரு பங்கு பார். உப்படைத்த ஷவரில் அந்த அழுத்தத்துக்குத் தண்ணீர் சொட்டும், ஓடாது. சுவிட்ச் உணராது. வாளிக் குழாய் தாழ்வாக இருப்பதால் அதைத் திறந்ததும் ஓட்டம் கிடைத்து மோட்டார் விழிக்கிறது.

முதலில் தலையைச் சுத்தம் செய்யுங்கள். பல வீடுகளில் அதிலேயே சரியாகிவிடும். சுவிட்சுக்குள் இருக்கும் காந்தத்தில் இரும்புத் துரு ஒட்டிக்கொண்டு அது நகராமல் போவதும் உண்டு. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் இது திரும்பத் திரும்ப வரும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் தொட்டியை நான்கைந்து அடி மேடையில் ஏற்ற வேண்டும், அல்லது ஓட்டத்துக்குப் பதில் அழுத்தத்தை உணரும் பிரஷர் சுவிட்ச் வகைப் பம்புக்கு மாற வேண்டும்.

பம்பு நிமிடத்துக்குப் பலமுறை ஓடி ஓடி நிற்கிறது. ஷவரும் கூடிக் குறைகிறது.

உருண்டையான பிரஷர் டேங்க் வைத்த பம்பாக இருந்தால், அதற்குள் இருக்கும் காற்று குறைந்திருக்கிறது அல்லது ரப்பர்ப் பை கிழிந்திருக்கிறது. டேங்கில் சைக்கிள் டியூபில் இருப்பதுபோல ஒரு வால்வு இருக்கும். அதன் ஊசியை மெல்ல அழுத்துங்கள். காற்று வந்தால் பை நன்றாக இருக்கிறது. தண்ணீர் வந்தால் பை போய்விட்டது, மாற்ற வேண்டும்.

காற்றை அளக்க வாகனச் சக்கரத்துக்கான அளவி போதும். ஆனால் மெயினை அணைத்து, தொட்டி வால்வை அடைத்து, ஒரு குழாயைத் திறந்து, தண்ணீரின் அழுத்தம் முழுக்க வடிந்த பிறகுதான் அளக்க வேண்டும். பம்பு தொடங்கும் அழுத்தத்தைவிட 0.1 அல்லது 0.2 பார் குறைவாக இருக்கட்டும். பம்பு 1.4 பாரில் தொடங்கி 2.8 பாரில் நிற்கும்படி அமைத்திருந்தால் காற்று 1.2 அல்லது 1.3 பார்.

யாரும் குழாய் திறக்காத நள்ளிரவில் பம்பு தானாக ஓடி நின்றால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் மேற்கத்தியக் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டி.

மாலையில் மட்டும் வேகம் குறைகிறது. பம்பு முனகுகிறது.

வோல்டேஜ். கோடை மாலைகளில் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வரலாம். மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180-இல் அது ஏறக்குறைய 60 சதவீதமாகிவிடும்.

காலையிலும் முனகினால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். எலக்ட்ரீஷியன்கள் கண்டென்சர் என்பார்கள். பம்பின் கோளாறுகளில் மிக மலிவாகச் சரியாவது இதுதான். அதே மைக்ரோஃபாரட் எண் உள்ளதைப் போட வேண்டும். கரண்டை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தபோது பம்பு முனகி நின்றால், உள்ளே உப்பு இறுகி இம்பெல்லர் ஒட்டியிருக்கும். பல பம்புகளில் விசிறிப் பக்கத்தில் தண்டின் முனையில் ஒரு வெட்டு இருக்கும். மெயினை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் அதை மெல்லச் சுற்றினால் விடுபடும்.

தண்ணீர் துப்பித் துப்பி வருகிறது.

காற்று. தொட்டியில் மட்டம் தாழ்ந்து வெளிவாயில் சுழி விழுந்தால் காற்று உள்ளே போகும். உறிஞ்சும் பக்கத்து இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தாலும் அப்படியே. அங்கே தண்ணீர் வெளியே கசியாமல் காற்று மட்டும் உள்ளே புகுவதால் கண்ணுக்குத் தெரியாது. பம்பு ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், நுரை உள்ளே இழுக்கப்படும் இடத்தைப் பிடிக்கலாம்.

குழாய் ஒருமுறை ஏறி இறங்கும் இடத்தின் உச்சியில் காற்று தங்கிக்கொண்டால் அது தானாக வெளியேறாது. அந்த உச்சியில் ஒரு காற்றுக் குழாயை எழுப்பித் தொட்டியின் மட்டத்துக்கு மேல் கொண்டுபோய் விடுவதுதான் பழைய பிளம்பர்களின் வழி. பம்புக்கு முன்னால் உள்ள குழாய்க்கு மட்டுமே இது பொருந்தும். பம்புக்குப் பின்னால் எழுப்பினால் தண்ணீர் மாடியில் நீரூற்றாகும்.

குளிர்ந்த தண்ணீர் நன்றாக வருகிறது. வெந்நீர் மட்டும் நூலாக ஒழுகுகிறது.

கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். அதற்குள்ளேயே ஓர் என்.ஆர்.வி.யும் உண்டு. சூடாகும் இடத்தில்தான் உப்பு அதிகம் படியும் என்பதால் அடைப்பு முதலில் அங்கே வரும், அல்லது வெந்நீர் வெளியேறும் இணைப்பில் வரும். இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்யலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். ஆனால் சேஃப்டி வால்வை எடுத்துவிட்டு வெறும் குழாயாக இணைக்கச் சொல்லும் பிளம்பரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் கீசர் வெடிக்காமல் காப்பது அதுதான். பம்பு வைப்பதற்கு முன் கீசரின் பெயர்ப்பலகையில் எத்தனை பார் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரக் கட்டடங்களுக்கான கீசர்களில் 8 பார் என்று இருக்கும்.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரை ஷவருக்கு வைத்துவிட்டு வருந்துபவர்களுக்கு ஒரு கணக்கு. 3 கிலோவாட் கீசர், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தைத் தொடர்ந்து 21 டிகிரி சூடேற்றும். 6 லிட்டர் ஓடவிட்டால் 7 டிகிரிதான். அதில் வேகமும் சூடும் சேர்ந்து வராது. வேண்டியது 15 அல்லது 25 லிட்டர் கீசர்.

சோலார் வெந்நீர். ஷவரைக் கலந்து திறந்தால் குளிர்ந்த தண்ணீர் மட்டும் வருகிறது, மாடியில் சோலார் டேங்கின் காற்றுக் குழாய் வழிகிறது!

இந்தக் கேள்வியை எழுப்பாத சோலார் வீடு குறைவு. கண்ணாடிக் குழாய்கள் வைத்த சாதாரண சோலார் டேங்க் அழுத்தம் தாங்காதது. அதன் தலையில் ஒரு குழாய் வானம் பார்த்துத் திறந்தே இருக்கும். அதிலிருந்து வெந்நீர் உயரத்தின் அழுத்தத்தில் மட்டும் இறங்குகிறது. குளிர்ந்த தண்ணீரைப் பம்பு ஒரு பாருக்கு மேல் தள்ளுகிறது. இரண்டும் டைவர்ட்டரில் சந்திக்கும்போது, பலம் கூடிய குளிர்ந்த தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, மாடி வரை போய், அந்தத் திறந்த குழாய் வழியே வழிகிறது. டேங்கில் இருந்த வெந்நீரும் ஆறிப்போகிறது.

வெந்நீர்க் குழாயில் என்.ஆர்.வி. போட்டால் வழிவது நிற்கும். ஆனால் வெந்நீர் அப்போதும் குளிர்ந்த தண்ணீரை வெல்லாது. இரண்டின் அழுத்தமும் சமமாக வேண்டும். செலவு குறைந்த வழி, ஷவருக்கு வரும் குளிர்ந்த தண்ணீரையும் பம்பிலிருந்து பிரித்துத் தொட்டியிலிருந்து நேராக இறக்குவது. அப்போது கலவை சரியாகும், வேகம் மட்டும் சுமார்தான். வேகமும் வேண்டும் என்றால் வெந்நீருக்கும் தனியாக ஒரு பம்பு வைக்க வேண்டும். வெயில் நாளில் சோலார் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும் என்பதால் வெந்நீர் தாங்கும் பம்பாகக் கேட்டு வாங்குங்கள். அழுத்தம் தாங்கும் சோலார் டேங்குகளும் இருக்கின்றன, விலை கூடுதல். பம்புத் தண்ணீரைச் சாதாரண சோலார் டேங்குக்குள்ளேயே கொடுத்துவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேங்க் உப்பிப் பிளந்துவிடும்.

புது வீடு. முதல் நாளிலிருந்தே ஷவர் மந்தம். பம்பும் புதியது.

குழாயின் அளவைக் கேளுங்கள். தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாயிலேயே இறக்கி, அதிலிருந்தே மூன்று குளியலறைகளுக்குக் கிளை பிரித்திருந்தால் எந்தப் பம்பும் திணறும். ஒரு அங்குலத்திலிருந்து அரை அங்குலமானால் குழாயின் வாய் நான்கில் ஒன்றாகிறது. அதே அளவு தண்ணீர் ஓடும்போது உராய்வினால் இழக்கும் அழுத்தமோ சுமார் 30 மடங்காகிறது. தொட்டியிலிருந்து பம்பு வரையும், பம்பிலிருந்து மாடி விட்டு இறங்கும் வரையும் ஒரு அங்குலமோ ஒன்றேகாலோ, குளியலறைக் கிளைக்கு முக்கால், கடைசி இணைப்புக்கு மட்டும் அரை என்பது நல்ல முறை. ஒவ்வோர் எல்போவும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இதைக் கேட்டிருந்தால் செலவு கொஞ்சம்தான். இப்போது மாடியில் வெளியே ஓடும் குழாயை மட்டுமாவது மாற்றிப் பாருங்கள். அதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும்.

பெரிய பம்பாக வாங்கிப் போட்டுவிட்டால்?

அடைத்த குழாயில் பெரிய பம்பு வைத்தால் சத்தம்தான் பெரிதாகும், இணைப்புகள் ஒழுகத் தொடங்கும்.

உண்மையிலேயே பம்பு சிறியதென்றால் மாற்றுங்கள். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பி ஏமாறாதீர்கள். ஹெட் (பம்பு தண்ணீரைத் தள்ளக்கூடிய உயரம்) 30 மீட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று இரண்டையும் பெரிதாகப் போட்டிருப்பார்கள். 30 மீட்டர் ஹெட் கிடைக்கும்போது ஓட்டம் பூஜ்ஜியம். 40 லிட்டர் ஓடும்போது ஹெட் ஏறக்குறைய இல்லை. உங்களுக்கு வேண்டியது நடுவில் எங்கோ இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் ஓடும்போது எத்தனை மீட்டர் ஹெட் தரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். இரண்டு ஷவர்கள் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டுக்கு அந்த 20 லிட்டரில் 12 முதல் 15 மீட்டர் போதும். குழாயோடு ஒட்டி உட்காரும் 100 வாட் அளவிலான குட்டிப் பம்புகள் தருவது அதிகபட்சம் எட்டு ஒன்பது மீட்டர். ஒரே ஷவருக்கு அவை பரவாயில்லை.

எங்கள் ஊர்த் தண்ணீர் கடும் உப்பு. எத்தனை முறைதான் சுத்தம் செய்வது?

இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி கடினத்தன்மை (உப்புப் படியச் செய்யும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. உங்கள் போர் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். 600-ஐத் தாண்டினால், கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைப்பது வீண் செலவல்ல, கீசரின் சூடேற்றும் காயில், டைவர்ட்டர், ஷவர் எல்லாவற்றின் ஆயுளும் கூடும்.

ஆனால் சாஃப்ட்னரே ஷவரை மெலியச் செய்யலாம். சிறிய சாஃப்ட்னர் வழியாக வீட்டுத் தண்ணீர் முழுவதையும் விட்டால் அதற்குள் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் படுகை அழுத்தத்தைக் குறைக்கும். இரும்பு கலந்த தண்ணீரில் ரெசின் பழுப்பேறிக் கட்டிபிடிக்கும். அதன் பைபாஸைத் திறந்து ஷவரைப் பாருங்கள். உடனே வேகம் கூடினால் விடை கிடைத்துவிட்டது. பம்புக்கும் ஷவருக்கும் நடுவே வைப்பதைவிட, தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் வழியில் சாஃப்ட்னரை வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. தொட்டி மெதுவாக நிறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அடுக்ககத்தில் மேல்தளத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு மட்டும் பம்பு வைத்துக்கொள்ளலாமா?

தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனிக் குழாய் இறங்கினால் தாராளமாக. பல வீடுகளுக்குப் பொதுவாக இறங்கும் குழாயில் நடுவே பம்பு மாட்டினால், நீங்கள் குளிக்கும்போது கீழ்வீட்டுக் குழாய்கள் காற்றை இழுக்கும். சங்கத்தில் பேசித் தொட்டிக்கடியில் எல்லாருக்குமாக ஒரு பம்பு வைப்பது சண்டையையும் செலவையும் குறைக்கும். பெரிய கட்டடங்களின் கீழ்த்தளங்களில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்திருப்பார்கள். கீழ்வீட்டில் தண்ணீர் குறைந்தால் பம்பு பேச்சை எடுப்பதற்கு முன் அந்த வால்வின் வலையைக் கழுவச் சொல்லுங்கள்.

மாநகராட்சி இணைப்பிலிருந்து வரும் குழாயிலேயே பம்பு வைத்து நேராக ஷவருக்கு விட்டால் தொட்டியே வேண்டாமே?

கூடாது. பொதுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டவிரோதம். மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள். பக்கத்து வீடுகளின் தண்ணீரைப் பறிப்பது ஒரு புறம் இருக்கட்டும். குறித்த நேரத்துக்கு மட்டும் தண்ணீர் வரும் தெருக் குழாயில் உறிஞ்சினால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசல்கள் வழியே சுற்றியுள்ள சாக்கடைக் கசிவும் சேர்ந்து வரும். அது உங்கள் ஷவருக்கும் வரும், பக்கத்து வீட்டுக் குடத்துக்கும் போகும். தெருத் தண்ணீர் தானாக வந்து சம்ப்பில் விழட்டும். அங்கிருந்து மோட்டார் மாடிக்கு ஏற்றட்டும். பிரஷர் பம்பு மாடித் தொட்டிக்குப் பிறகுதான்.